முதல்ல பேனாவுல எழுது

எங்கள் ஊர் மீன்சுருட்டி. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் தூங்காமல் இருந்தால் பார்த்திருப்பீர்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது சித்தப்பா ஒரு வேலை கொடுத்தார். அவர் பையன் அஞ்சாவது படிக்கிறான். ஹாஸ்டலோடு இருக்கும் ஒரு ஸ்கூலுக்கு அப்ளிகேஷன் போடுகிறார்கள். "இங்கே ஏன் சேர விரும்புகிறாய்?" என்று பையன் ஒரு பக்கம் எழுத வேண்டும். தமிழோ இங்கிலீஷோ, கையால் எழுதியும் அனுப்பலாம், டைப் பண்ணியும் அனுப்பலாம். "நீ இன்ஜினியருக்குப் படிக்கிற, போன்லயே ரெண்டு நிமிஷத்துல அடிச்சிக் குடுத்துருடா" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பத்து வருஷம் முன்னாடி நானும் இதே மாதிரி ஒரு பள்ளிக்கு எழுதினேன். கோடு போட்ட தாள், நீல மை, இங்கிலீஷ். முந்திரிக் காட்டில் விளையாடுவதையும், ராத்திரி கரண்ட் போனால் அப்பா டார்ச் பிடிக்க நான் கணக்குப் போடுவதையும் எழுதியிருந்தேன். நாலஞ்சு ஸ்பெல்லிங் மிஸ்டேக். அப்பா அதை டைப்பிங் கடையில் கொடுத்தார். கடைக்கார அண்ணன் நல்ல மனசோடு எல்லாத்தையும் 'சரி பண்ணி' விட்டார். திரும்பி வந்த தாளில் முந்திரிக் காடும் இல்லை, டார்ச்சும் இல்லை. 'ஹோலிஸ்டிக் டெவலப்மென்ட்' இருந்தது. இன்டர்வியூவில் ஒரு மேடம் சிரித்துக்கொண்டே அதற்கு அர்த்தம் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளில் நான் இல்லை என்பது அன்றைக்கே புரிந்தது.

எல்லாப் பள்ளியும் இப்படிக் கேட்பதில்லை. அமராவதிநகர் சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கும் ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்பினால் போதும். டேராடூன் ராணுவக் கல்லூரியில் எட்டாம் வகுப்பில் சேர வேண்டுமென்றால், 125 மதிப்பெண் ஆங்கிலத் தாளை ஹாலில் உட்கார்ந்து கையால்தான் எழுதணும். இரண்டிலும் பக்கத்தில் மாமா, சித்தப்பா யாரும் வர முடியாது. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் தாளில்தான் நாம் எல்லோரும் புகுந்துவிடுகிறோம்.

"முதல்ல பேனாவுல எழுதுடா. தமிழ்லயே எழுது" என்றேன் தம்பியிடம்.

"தப்பா எழுதுனா?"

"எழுது."

முக்கால் மணி நேரம் ஆனது. கோழிக் கிறுக்கல். சித்தப்பா பார்த்துவிட்டு, "இத அனுப்புனா ஓரமா வச்சிருவாங்க" என்றார். 1994இல் அமெரிக்காவின் ஈ.டி.எஸ் நிறுவன ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையைக் கையெழுத்திலும் டைப் அடித்தும் திருத்தக் கொடுத்தபோது, கையெழுத்துப் பிரதிக்குத்தான் சராசரியாக அதிக மதிப்பெண் கிடைத்தது என்று சொன்னேன். "அது அமெரிக்காடா" என்று முடித்துவிட்டார்.

சரி, டைப் பண்ணலாம். ஆனால் ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன் என்றேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். சோழர் காலத்தில் ராஜா சொல்வதை எழுதிக்கொள்ள 'திருமந்திர ஓலை' என்று ஒரு அதிகாரி இருந்தார். எழுத்து அவருடையது, சொல் ராஜாவுடையது. எனக்கும் அந்த வேலை போதும். பிழைகளை மட்டும் காட்டினேன், அவனே திருத்தினான்.

அவன் எழுதியது இதுதான்: அங்கே பெரிய லைப்ரரி இருக்காம். எனக்கென்று தனிக் கட்டில் கிடைக்கும். ஆனா ராத்திரி அம்மா ஞாபகம் வந்தா என்ன பண்றதுன்னு தெரியல.

"கடைசி வரிய எடுத்துரு. பயந்தவன்னு நெனைப்பாங்க" என்றார் சித்தப்பா.

நான் தம்பியைப் பார்த்தேன். "இருக்கட்டும்ப்பா, அது உண்மைதான" என்றான். சித்தி ஒன்றும் சொல்லாமல் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அனுப்பு" என்றார்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் பிளேஸ்மென்ட் ஃபார்ம் காத்திருந்தது. 'உங்களைப் பற்றி 200 வார்த்தைகள்.' சாட்ஜிபிடியைத் திறந்தேன், மூடினேன். பழைய ரஃப் நோட்டை எடுத்தேன். ரெண்டு பேனா மாற்ற வேண்டியிருந்தது, கை வலித்தது. இந்தத் தடவை டார்ச் வெளிச்சம் உள்ளே இருக்கிறது.