சொந்தக் கரண்ட்

திருவிழா மேடையில் கரண்ட் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கச்சேரி யார் உபயம், பாடுகிறவர் யார், அன்னதானம் யார் செலவு என்பதெல்லாம் நோட்டீஸில் வந்துவிடும். கரண்ட் மட்டும் சவுண்ட் சர்வீஸ்காரர் கையில். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி, அதிலிருந்து வரும் ஒயர், ஒயர் முடியும் இடத்தில் நான்கைந்து பிளக் பாயிண்ட் பதித்த ஒரு பலகை. அந்தப் பலகைக்கு ஒரு காவலாள். தேனி மாவட்டத்து ஆர்கெஸ்ட்ராக்களில் சில வருடங்களாகக் கிதார் வாசிக்கிறேன். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்று நான் பார்த்ததில்லை.

எனக்கு ஊர் சிலமலை. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது. நிமிர்ந்தால் மலை, அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டம். எங்கள் அம்மா அங்கே காய் எடுக்கப் போகிறவர். விடிவதற்கு முன் ஜீப் வரும், போடிமெட்டு வளைவுகளில் ஏறும், இருட்டும் நேரத்துக்குத் திரும்பும். ஒரு ஜீப்பில் எத்தனை பெண்களை அடைப்பார்கள் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜீப் கவிழ்ந்த செய்தி வரும் நாளில் மட்டும் மற்றவர்களும் அந்தக் கணக்கைப் படிப்பார்கள். போடியில் கல்லூரிக்குப் போனபோது ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் கற்றுக்கொண்டேன். ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தபோது எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: “பாடுவியாம்மா?” பாடமாட்டேன் என்றால் பிறகு எதற்கு என்று முகம் கேட்கும்.

கிதார் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். எலெக்ட்ரிக் கிதாரின் ஒலி மேடையில் அப்படியே எடுபடாது. காலடியில் சோப்பு டப்பா அளவில் சில இரும்புப் பெட்டிகள் வைத்திருப்போம். பெடல் என்று பெயர். ஒன்றை மிதித்தால் ஒலி கரகரப்பாகும், இன்னொன்றை மிதித்தால் நீரில் அசைவதுபோல் விரியும், மூன்றாவது எதிரொலி கொடுக்கும். ஓவர்டிரைவ், கோரஸ், டிலே. எண்பதுகளின் பாட்டைக் கோரஸ் இல்லாமல் வாசித்தால் எங்கள் ஊர் ஜனம் சும்மா இருக்காது. அந்தக் கிதாரைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் போதும். அடாப்டர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடாப்டரைச் சொருக வேண்டுமே. பிளக் பாயிண்ட் இருப்பது கீபோர்டுக்குப் பின்னாலோ மேடைக்கு அடியிலோ. குனிய வேண்டும், சில ஊர்களில் தவழ வேண்டும். எதிரே ஐந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். டிரம்ஸ்காரத் தம்பி தவழ்ந்தால் அது வேலை, நான் தவழ்ந்தால் அது காட்சி. விசில் வரும். அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் யாரிடமாவது கேட்க வேண்டும்.

“லைன் வேணுமா பாப்பா? கேளு, நான் போட்டுத் தாரேன். நீயா தொட்றாத.”

அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் போட்டுத் தருகிறவருக்கு எடுத்துவிடவும் உரிமை உண்டு. ஒரு ஊரில் பாட்டு நடுவே என் மூன்று பெடலும் ஒன்றாகச் செத்தன. பாட்டு முடிந்து பார்த்தால் என் அடாப்டர் தரையில் கிடக்கிறது, அந்த இடத்தில் விழாக் கமிட்டிக்காரர் ஒருவரின் செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. கேட்டதற்கு, “நீ சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னு நெனச்சேன்” என்றார். கிண்டலாகச் சொன்னதுபோலத் தெரியவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

அதற்கு அடுத்த வாரம் பேட்டரிக்கு மாறினேன்.

பெடலின் உள்ளே 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் விட்டே செய்கிறார்கள். இந்தப் பெட்டிகள் பிறந்ததே பேட்டரியோடுதான். 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெடல் இரண்டு 1.5 வோல்ட் கட்டைகளில் ஓடியது, மொத்தம் 3 வோல்ட். டார்ச் லைட் போட்டுக்கொள்ளும் கரண்ட். இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர் உண்டு. கிதாரில் கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. கலிபோர்னியாவில் ஃபெண்டர் கம்பெனியில் 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற பெண் பல பத்தாண்டுகள் அதைச் சுற்றியவர். அவர் கைப்பட்ட பிக்அப்புகளைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள். மேடையில் கிதாரோடு நிற்கும் பெண்ணை அதிசயமாகப் பார்க்கிறவர்கள், அந்தக் கிதாரின் உள்ளே இருப்பது ஒரு பெண்ணின் கைவேலையாக இருக்கலாம் என்று யோசிப்பதில்லை.

சாதாரண 9 வோல்ட் பேட்டரியை வாங்கி வாங்கிப் போட்டால் கச்சேரிப் பணம் அதற்கே போய்விடும். அதனால் ரீசார்ஜ் பேட்டரி. இங்கே கொஞ்சம் கணக்கு தெரிய வேண்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில் 9 வோல்ட் என்று விற்பதில் பல உண்மையில் 8.4 வோல்ட், உள்ளே 1.2 வோல்ட் செல்கள் ஏழு. ஆறு செல்தான் இருந்தால் 7.2. வாங்கும்போது மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். கொள்ளளவு சுமார் 200 மில்லி ஆம்பியர் மணி. என் ஓவர்டிரைவ் இழுப்பது 10 மில்லி ஆம்பியருக்கும் குறைவு, ஆகவே இருபது மணி நேரம் கவலையில்லை. டிஜிட்டல் டிலே அப்படியல்ல. 60 மில்லி ஆம்பியர் இழுக்கும், மூன்று மணி நேரத்தில் ஆள் அவுட். கச்சேரி ஒன்பது மணிக்குத்தானே என்று இருந்துவிட முடியாது. பெடலில் கிதார் ஒயரைச் சொருகும் ஓட்டைதான் பேட்டரியின் சுவிட்ச். ஆறு மணிக்குச் சவுண்ட் செக்கில் சொருகி அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் பேட்டரி தனியாகக் கச்சேரி நடத்திக்கொண்டிருக்கும். ஒயரை உருவிவிட்டுப் போக வேண்டும்.

இந்தப் பேட்டரிக்கு இன்னொரு குணம். பழைய கட்டை பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், ஒலியிலேயே தெரியும். இது கடைசிவரை திடமாக நின்று, திடீரென்று விழும். எச்சரிக்கை கிடைக்காது. எனவே ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு மாற்று பேட்டரி, முந்தின நாளே சார்ஜ் செய்தது, தனி டப்பாவில்.

டிலேவுக்கும் கோரஸுக்கும் வேறு வழி செய்தேன். செல்போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்க், அதன் 5 வோல்ட்டை 9 ஆக உயர்த்தும் ஒரு கேபிள். 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் ஒன்று இரண்டு மூன்று கச்சேரிக்குச் சர்வ சாதாரணமாகத் தாங்குகிறது. ஆனால் ஓவர்டிரைவை மட்டும் அதில் மாட்டினால் சில நிமிடத்தில் தூங்கிவிடும். இவ்வளவு குறைவாக இழுப்பதைப் பார்த்து, யாரும் இல்லை என்று அதுவே நினைத்து அணைந்துகொள்கிறது. (விழாக் கமிட்டிக்காரர் நினைவுக்கு வருவார்.) போதாததற்கு, மலிவான கேபிள்களில் மெல்லிய கீச்சொலி வரும், ஓவர்டிரைவ் அதைப் பெரிதாக்கும். அதனால் ஓவர்டிரைவுக்குத் தனி 9 வோல்ட், மற்ற இரண்டுக்கும் பவர் பேங்க் என்று பிரித்துக்கொண்டேன்.

பேட்டரியால் ஒலியே மாறியது. ஜெனரேட்டர், சீரியல் லைட், எர்த் இல்லாத பிளக், ஒரே அடாப்டரில் கோத்த மூன்று பெடல் எல்லாம் சேர்ந்து, வாசிக்காதபோதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த முனகலைக் கேட்டுத்தான் “அந்தப் பொண்ணு கிதாரைக் கொஞ்சம் குறைங்க” என்று மிக்ஸரில் குறைப்பார்கள். பேட்டரியில் ஓட்டிய முதல் கச்சேரியில் முனகல் பெருமளவு போய்விட்டது. குறைக்கக் காரணம் இல்லை. குறைக்கவில்லை என்று சொல்லவில்லை, காரணம் இல்லை என்கிறேன்.

பேட்டரி எல்லாவற்றையும் தீர்க்காது. ஆம்ப்ளிஃபையர் அவர்கள் கரண்டில்தான் ஓடுகிறது. ஜெனரேட்டர் நின்றால் என் பெடலின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டு நிற்கும். ஷாக் ஆபத்தும் இருக்கிறது. கிதார் கம்பியைக் கை தொட்டிருக்க, உதடு மைக்கைத் தொட்டால் சில மேடைகளில் சுள்ளென்று அடிக்கும். கிதார் ஒரு வழியில் எர்த், மைக் இன்னொரு வழியில். 1972 மே மாதம் இங்கிலாந்துக்கு அருகில் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, மேடையிலேயே இறந்தார். நான் ஹேண்ட்பேக்கில் ஒரு டெஸ்டர் வைத்திருக்கிறேன். மைக்கில் வைத்துப் பார்ப்பேன், எரிந்தால் பாடகி அக்காவிடமும் சொல்வேன். “நீ என்னாத்தா, ஈபிக்காரியா?” என்பார் அவர். ஆனால் நான் பார்த்துச் சொல்லும்வரை மைக்கைத் தொடமாட்டார்.

வீட்டில் கரண்டுக்கு வேறு வகைப் போட்டி. எங்கள் வீட்டில் ஒரு சுவிட்ச் போர்டு, அதில் இரண்டு பிளக். தம்பி போன், அப்பா போன், டிவி. அதற்கு நடுவே அம்மாவின் ரீசார்ஜ் டார்ச். இருட்டில் ஜீப்புக்கு நடந்துபோக அதுதான் வெளிச்சம். 2012 வாக்கில் கரண்ட் வெட்டு பல மணி நேரம் இருந்த காலத்தில், கரண்ட் வந்ததும் அம்மா முதலில் ஓடுவது அந்த டார்ச்சைச் சொருகத்தான். சோறு பிறகு. பெண்கள் வெளிச்சத்தைச் சேமித்துவைக்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது. இப்போது ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அந்த இரண்டு பிளக்கும் எங்கள் இருவருக்கும். ஒன்றில் டார்ச், ஒன்றில் என் சார்ஜர். தம்பி முணுமுணுத்தான். “அவ வேலைக்குப் போற சாமான்டா அது” என்றார் அம்மா. கிதாரை என் வேலை என்று வீட்டில் யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊர்ச் சாலையில் தேவாரம் தாண்டிப் போனால் பண்ணைபுரம். பாவலர் வரதராசன் ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்குப் போனதும், கூடப் போன தம்பி ராசய்யா பெண் குரலில் பாடியதும், குரல் உடைந்தபிறகு அது முடியாமல் போனதும் இந்தப் பக்கம் எல்லோரும் பெருமையோடு சொல்லும் கதை. அந்தத் தம்பிதான் 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா. எனக்கும் பெருமைதான். கூடவே ஒரு கேள்வியும் வரும்: பெண் குரல் தேவைப்பட்ட மேடைக்கு இந்த ஊர்களிலிருந்து ஒரு பெண் ஏன் ஏறவில்லை? ஹார்மோனியத்துக்குத் துருத்தி போதும், கரண்ட் வேண்டாம். தடுத்தது கரண்ட் இல்லை.

திண்டுக்கல் சக்தி கலைக் குழுப் பெண்கள் பறையடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அடிப்பதற்கு முன் நெருப்பு மூட்டிப் பறையைக் காய்ச்சுகிறார்கள், தோல் இறுகி ஒலி எழுகிறது. அவர்கள் வாத்தியத்துக்கு வேண்டிய சக்தியை அவர்களே மூட்டிக்கொள்கிறார்கள், யாரிடமும் லைன் கேட்பதில்லை. அதைப் பார்த்த பிறகு என் பேட்டரி டப்பாவைச் சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை.

குழுவில் இப்போது நிலைமை வேடிக்கை. லீட் கிதார்காரர் சென்ற ஆவணியில் என்னிடம் ஒரு 9 வோல்ட் கடன் கேட்டார். கொடுத்தேன், திரும்ப வாங்கிக்கொண்டேன். மேடையில் நிற்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டேன். முன்பு பிளக் எட்டும் ஓரத்தில் நின்றேன், இப்போது டிரம்ஸுக்குப் பக்கத்தில், தாளம் காதில் நேராக விழும் இடத்தில். குழுத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. நடுவில் பாடகிகள்தான் அழகு என்றார். அழகுக்காக நிற்கவில்லை என்றேன். அது இன்னும் முடியாத வழக்கு. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாச் சமயத்தில் மறுபடி வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பாடகி அக்காவின் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பேஸ் கிதார் ஆசை. போன மாதம் யாரோ கொடுத்த பழைய பெடல் ஒன்றைக் கொண்டுவந்து, வீட்டு ரேடியோவின் அடாப்டரை மாட்டலாமா என்று கேட்டாள். அடாப்டரின் மேல் வரைந்திருக்கும் சின்ன வட்டப் படத்தைக் காட்டினேன். பெரும்பாலான பெடல்களுக்கு ஊசியின் நடுப்பகுதி மைனஸ், வெளிப்பகுதி பிளஸ். வீட்டுச் சாமான்களில் பெரும்பாலும் நேரெதிர். மாற்றிச் சொருகினால் பெடல் போய்விடும். அவள் நோட்டில் அந்த வட்டத்தை வரைந்துகொண்டாள். பிறகு பெடலைத் திருப்பி, நான்கு திருகையும் என்னைக் கேட்காமல் கழற்ற ஆரம்பித்தாள்.