எஞ்சினுக்கு ஒரு பரல் தண்ணீர்

மாரி தொடங்கிக் கடல் பொங்கினால் எங்கள் சாய்ந்தமருதுக் கரையில் சிறு வள்ளங்கள் மேட்டில் ஏறிவிடும். என் கணவர் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார். வந்ததும் கேட்பது ஒரு பரல் நல்ல தண்ணீர்.

சில வருடங்களுக்கு முன் அந்தத் தண்ணீரை நான் கொடுக்கவில்லை. தங்கையின் கல்யாணம் நெருங்கியிருந்தது. "கல்யாண வீட்டுப் பரலில் எண்ணெய்ப் பிசுக்கா?" என்று சத்தம் போட்டேன். அவர் பேசாமல் எஞ்சினைச் சாக்கால் மூடிக் குசினி மூலையில் வைத்துவிட்டார்.

மாரி கழிந்து முதல் நாள் கடலுக்குப் போனவர் அஸர் ஆகியும் வரவில்லை. பிள்ளைகளோடு கரையில் நின்றேன். மஃரிபுக்குச் சற்று முன் இன்னொரு வள்ளம் அவரைக் கட்டி இழுத்து வந்தது. எஞ்சின் சூடேறி நடுக்கடலில் இறுகிவிட்டதாம்.

திருத்துபவர் எஞ்சினைப் பிரித்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சின் ஓடும்போது உள்ளேயிருக்கும் றப்பர் சில்லு கடல் நீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அந்த நீர் சுற்றி வருவதால்தான் சூடு தணிகிறது. கழுவாமல் வைத்தால் நீர் காய்ந்து உப்பு மட்டும் மிஞ்சும். அந்த ஒடுங்கிய வழிகளில் உப்பு கட்டியாக அடைத்திருந்தது. றப்பர் சில்லும் வெடித்திருந்தது. அதைத் திருத்த என் காப்பு அடகுக்குப் போனது.

அன்றிலிருந்து அந்த வேலையை நானே முன்னின்று பார்க்கிறேன். தண்ணீர் உறிஞ்சும் துவாரங்கள் நன்றாக மூழ்கும்படி பரலில் எஞ்சினைப் பூட்ட வேண்டும். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது, றப்பர் கருகிவிடும். கியர் போடாமல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் போதும். பக்கத்துத் துளையால் நீர் பீறிட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். கடைசியில் எண்ணெய்க் குழாயைக் கழற்றினால் மிஞ்சியது எரிந்து தானாக நின்றுவிடும். பிறகு பிளக்கைக் கழற்றிச் சில துளி ஒயில் விட்டு, கயிற்றை மெல்ல நாலைந்து தரம் இழுக்க வேண்டும். கியர் ஒயில் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். நீர் முழுதும் வடிய எஞ்சினை நிமிர்த்தியே வைக்க வேண்டும். இத்தனையும் திறந்த முற்றத்தில்தான். அந்தப் புகை நஞ்சு, பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது.

பனி கொட்டும் நாடுகளில் இது இன்னும் கவனமான வேலை. உள்ளே தங்கிய நீர் உறைந்தால் பருத்து இரும்பையே வெடிக்க வைத்துவிடும். எங்களுக்குப் பனியில்லை, உப்பு இருக்கிறது.

காப்பு மீண்டு வந்துவிட்டது. அன்று கரையில் நின்ற அந்த மாலைதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சகோதரிகளே, வீட்டுக்காரர் ஒரு பரல் தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவர் உயிரோடு திரும்பி வருவது அதிலும் இருக்கிறது.