நான்கு டயர்களும் முந்நூறு கிலோமீட்டரும்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் சம்பிகே சாலையும் மார்கோசா சாலையும் ஏறத்தாழ இணையாகச் செல்கின்றன. ஒன்றுக்குச் சண்பக மரத்தின் பெயர். மற்றொன்றுக்கு வேப்ப மரத்தின் பெயர். இரண்டையும் குறுக்குத் தெருக்கள் அடுத்தடுத்து வெட்டுகின்றன. முகவரி கேட்டால் 'எட்டாவது கிராஸ்', 'பதினைந்தாவது கிராஸ்' என்றே விடை வரும். ஆட்டோ ஓட்டுபவர் ஒவ்வொரு கிராஸிலும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். சிலர் தொலைவிலேயே வேகத்தைத் தளர்த்தி, வண்டி தானாகத் தணிந்து வர விடுவர். வேறு சிலர் மூலை வரை விரைந்து வந்து பிரேக்கை ஓங்கி மிதிப்பர். இரு வண்டிகளும் ஒரே நாளில் புது டயர் மாட்டிக் கிளம்பினாலும், அவை மீண்டும் டயர் கடைக்கு வரும் நாள் ஒன்றாக இராது.

கன்னடமும் தமிழும் ஒருசேர ஒலிக்கும் அப்பகுதிப் பஞ்சர் கடைகளில், வேலை தெரிந்தவர் டயரின் மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டியே பலவற்றைச் சொல்லிவிடுவார். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஓரிடத்தில் மட்டும் வழுக்கை விழுந்திருந்தால், ஓட்டுபவரின் கால் பொல்லாதது.

கார்ப் பந்தயத்திலும் இதே கணக்குத்தான். ஆட்டோ டயரில் மாதக்கணக்கில் நடப்பது, அங்கே நிமிடக்கணக்கில் நடந்து முடிந்துவிடுகிறது.

பந்தய டயரின் ரப்பர் மென்மையானது. நன்கு சூடேறினால்தான் தரையை இறுகப் பற்றும். எந்த நேரத்திலும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது அதன் சிறு பகுதியே. வேகத்தைக் குறைப்பது, வளைவில் திருப்புவது, முன்னே உந்துவது ஆகிய மூன்று வேலைகளையும் அச்சிறு பகுதியே செய்ய வேண்டும். ஒரு படி அரிசியை மூன்று வீட்டுக்குப் பங்கிடுவது போன்றது இது. ஒரு வீட்டுக்கு மிகுதியாக அளந்தால் மற்ற வீடுகளில் குறையும். வளைவின் நடுவிலும் பிரேக்கை அழுத்திக்கொண்டே திருப்பினால் முன் டயர்கள் பிடி இழந்து தரையில் உராய்ந்து வழுக்கும். வளைவு முடியுமுன்னரே ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால், பின் சக்கரங்கள் வீணே சுழன்று சூடேறும். சூடு அளவுக்கு மீறினால் ரப்பரில் கொப்புளங்கள் எழும். போதிய சூடேறாத டயரை வருத்தினாலோ அதன் மேற்பரப்பு கிழிந்து உருண்டை உருண்டையாகச் சுருளும். திறமையான ஓட்டுநர், ஒரு வேலையை மெல்ல விடும்போதே அடுத்த வேலையை மெல்லத் தொடங்குகிறார். பார்ப்பவருக்கு அவர் வேகம் குறைவாகக்கூடத் தோன்றும். கடைசிப் பத்துச் சுற்றுகளில்தான் உண்மை தெரியவரும்.

இத்திறமைக்கு 2005ஆம் ஆண்டு கடுமையான சோதனை ஒன்று வந்தது. அவ்வாண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் வழியில் நின்று டயர் மாற்றத் தடை விதிக்கப்பட்டது. தகுதிச் சுற்றையும், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளும் பந்தயத்தையும் அதே நான்கு டயர்களில் ஓடி முடிக்க வேண்டும். டயர் பழுதுபட்டால் விலக்கு உண்டு.

அதே ஆண்டு மார்ச் 6ஆம் நாள், மெல்போர்ன் நகரில் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவருடைய தந்தையும் ராலிப் பந்தய வீரர். கோவையைச் சேர்ந்த கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு உருவாக்கிய சிறு பந்தயக் கார்களும், சென்னையை அடுத்த திருப்பெரும்புதூர்ப் பந்தயத் தடமும் தென்னாட்டு இளைஞர் பலருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன. நரேனும் அவ்வழி வந்தவரே.

புதிய விதி எவ்வளவு கொடியது என்பதை மே மாதத்தில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடம் காட்டியது. முதலிடத்தில் ஓடிய கிமி ரைக்கோனன், ஒரு சுற்றுப் பின்தங்கிய காரைக் கடக்கும்போது பிரேக்கை அழுத்தியதில் முன் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டது. சுழலாத டயர் தரையில் தேய்ந்து ஓரிடத்தில் தட்டையானது. பஞ்சர் கடைக்காரர் சொல்லும் அதே வழுக்கைதான். வட்டம் கெட்ட டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் காரை உலுக்கியது. டயர் மாற்ற நின்றால் முதலிடம் பறிபோகும். ஆகவே அவர் நிற்கவில்லை. கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் முன் சக்கரத்தைத் தாங்கும் பகுதி முறிந்தது. பின்னால் வந்த ஃபெர்னாண்டோ அலோன்சோ வென்றார். கணப்பொழுதுத் தவறு ஒன்றுக்கு, வேறெந்தப் பந்தயத்திலும் இத்தனை பேர் கண்முன் இத்தனை நீண்ட தண்டனை கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் ஓட்டும் முறையால் மட்டுமே எல்லா டயரையும் காத்துவிட முடியாது. அடுத்த மாதம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில், சாய்வாக அமைந்த பதின்மூன்றாம் வளைவில் மிஷெலின் டயர்கள் பயிற்சியின்போதே பழுதுபட்டன. ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. அவ்வளைவில் முழு வேகத்தில் ஓடுவது பாதுகாப்பன்று என அந்நிறுவனமே அறிவித்தது. வளைவின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டுக்கு உடன்பாடு எட்டவில்லை. ஜூன் 19 அன்று, அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் பூட்டிய 14 கார்களும் வரிசையாக விலகிச் சென்றன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்களே பந்தயத்தில் எஞ்சின. ரசிகர்கள் சினம் கொண்டனர். அதில் நியாயமும் உண்டு.

அந்த ஆறில் ஒன்று நரேனுடையது. அவர் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். 'ஆறு பேரில் நான்காமிடம் ஒரு பெருமையா?' என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். 14 கார்கள் அஞ்சி விலகிய அதே சாய்வு வளைவை அவர் 72 சுற்று நெடுகிலும், ஒரே நான்கு டயர்களில், சுவரைத் தொடாமல் கடந்திருக்கிறார். ஃபார்முலா ஒன்னில் இந்திய ஓட்டுநர் ஒருவர் இதுவரை பெற்ற புள்ளிகள் அந்த ஐந்தே. டயர் மாற்றத் தடை விதித்த விதியோ அடுத்த ஆண்டே நீக்கப்பட்டது.