கயிற்றுக்கு அப்பால் நிற்கும் தோழி

முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்ட ஆட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று, தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றி நண்பர்கள் கேட்பதுண்டு. பதினெட்டாம் போரில் துரியோதனன் வீழ்வான் என்பதை அறிந்தே விடிய விடியக் கூத்துப் பார்க்கும் மரபில் வந்த நமக்கு அக்கேள்வி சற்று வியப்பளிக்கிறது. ஜப்பானிய மல்யுத்த வீராங்கனை டம்ப் மாட்சுமோட்டோவைப் பற்றி 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான தொடரைப் பார்த்து முடித்தபின், அதன் பின்னுள்ள வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். அதில் நம்மைப் பிடித்து நிறுத்தியவர்கள் தனி சாம்பியன்கள் அல்லர், இரட்டையர்.

1968இல் தொடங்கப்பட்ட அனைத்து ஜப்பான் மகளிர் மல்யுத்த நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் பார்வையாளர்கள் பெரும்பாலும் ஆண்களே. 1976இல் ஜாக்கி சாட்டோவும் மாக்கி உவேடாவும் ‘பியூட்டி பேர்’ என இணைந்து, மேடையில் பாட்டும் பாடிப் புகழ்பெற்றபின், அரங்குகளைப் பள்ளி மாணவியர் நிரப்பினர். 1979 பிப்ரவரியில் அவ்விருவரையே எதிரெதிராக நிறுத்தினர். தோற்பவர் ஓய்வுபெற வேண்டும் என்பது நிபந்தனை. உவேடா தோற்றார், விலகினார். இணையை ஆக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு அதை உடைத்து விற்கவும் தெரிந்திருந்தது.

1983இல் சிகுசா நகாயோவும் லயனெஸ் அசுகாவும் ‘கிரஷ் கேல்ஸ்’ ஆயினர். இரட்டையர் ஆட்டத்தின் விதி எளியது. ஒருத்தி களத்தில் பொருத, மற்றவள் கயிற்றுக்கு வெளியே நிற்பாள். கையைத் தொட்டால்தான் உள்ளே வரலாம். அடிபட்டு ஊர்ந்து வருபவள் நீட்டும் கையும், அப்பாலிருந்து எட்டாமல் தவிக்கும் கையும்தான் இவ்வாட்டத்தின் உயிர். தலைவிக்காகப் பேசும் அகப்பாடல் தோழியை ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நமக்கு, இங்கே பேச்சற்ற தோழி ஒருத்தி கிடைத்தாள்.

1985 ஆகஸ்ட் 28, ஒசாகா. சிகுசாவும் மாட்சுமோட்டோவும் தனித்து மோதினர்; தோற்பவர் தலைமயிரை இழக்க வேண்டும். முகத்தில் வண்ணம் தீட்டி, சங்கிலியும் கையுமாக வரும் மாட்சுமோட்டோ, அன்றைய மாணவியர் மனமார வெறுத்த பெண். குருதி வழிய சிகுசா தோற்றார். களத்தின் நடுவிலேயே அவர் தலை மழிக்கப்பட்டபோது அரங்கிலிருந்த சிறுமியர் கதறி அழுதனர். முடிவு எழுதி வைக்கப்பட்டதாக இருக்கலாம். குருதி அப்படியன்று, மயிரும் அப்படியன்று. (பாஞ்சாலியின் விரித்த கூந்தலைக் கூத்தில் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) 1986 நவம்பரில் அதே ஒசாகாவில் மாட்சுமோட்டோவின் தலை மழிக்கப்பட்டது.

அந்நிறுவனத்தில் மது, புகை, ஆண் துணை மூன்றும் விலக்கு. 25 வயதை ஒட்டி ஓய்வு பெறுவது வழக்கு. 1989இல் சிகுசா விலகியபோது அவருக்கு வயது 24. இதைப் படித்தபோது நமக்குச் சினமே வந்தது. நன்றாகப் படிக்கும் மாணவி படிப்பு முடியுமுன் திருமண அழைப்பிதழோடு துறைக்கு வந்து நிற்கையில் எழும் அதே சினம். வாழ்த்துச் சொல்லித்தான் அனுப்புகிறோம். சிகுசா 1993இல் திரும்பி வந்தார். பிறகு சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். 2000இல் அங்கேயே அசுகாவோடு மீண்டும் இணைந்தார்.

அமெரிக்காவின் கதை வேறு. 1988 ஜனவரியில் ‘ஜம்பிங் பாம் ஏஞ்சல்ஸ்’ என்ற ஜப்பானிய இணை டபிள்யூ.டபிள்யூ.எஃப். மகளிர் இரட்டையர் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டே அப்பட்டம் கைவிடப்பட்டது. அந்நிறுவனம் மகளிர் இரட்டையருக்கு மீண்டும் ஒரு பட்டம் தர 2019 வரை ஆயிற்று.

மாட்சுமோட்டோ ஓய்வுபெற்றது 1988 பிப்ரவரியில். அவரும், உடன் விலகிய யுகாரி ஓமோரியும் ஒருபுறம். கிரஷ் கேல்ஸ் மறுபுறம். நால்வரும் 1980இல் ஒன்றாகத் தொழிலுக்கு வந்தவர்கள். அன்று இணையை மாற்றிக்கொண்டு மீண்டும் ஆடினர். அசுகா ஓமோரியோடு சேர்ந்தார். சிகுசா மாட்சுமோட்டோவின் பக்கம் போய் நின்றார்.