தொட்டியில் வளர்ந்த மஞ்சள்

குன்னூர், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீலகிரியின் கீழ்ப்புறச் சரிவில் அமைந்தமையால் வடகிழக்குப் பருவமழையே இவ்வூர்க்குப் பெருமழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையும் மூடுபனியும் ஒருங்கே சூழும். மார்கழி இரவுகளில் வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்குதல் உண்டு.

ஓய்வு பெற்றபின், 2019-ஆம் ஆண்டில் என் மகள் இல்லத்திற்கு இங்கு வந்தேன். எங்கள் சிற்றூர் வீடு விலையாகிவிட்டது. அதன் கொல்லையில் என் அன்னையார் ஆண்டுதோறும் நட்டுக் காத்த மஞ்சளின் கிழங்குகளைச் சாக்கில் இட்டு உடன் கொணர்ந்தேன். இஞ்சி, கச்சோலம், பேரரத்தை ஆகியனவும் அதில் இருந்தன. நான்கும் ஒரு குடும்பத்துச் செடிகள். இஞ்சி என்னும் சொல்லுக்கு மதில் என்ற பொருளும் உண்டு. ஆயினும் குளிரைத் தடுக்கும் மதில் எதுவும் அச்செடிக்கு இல்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வைகாசியில் தொட்டிகளில் நட்டேன். இலைகள் செழித்தன. கார்த்திகையில் மஞ்சளின் இலைநுனி பழுத்தது. நீர் போதவில்லை போலும் என்று கருதி, மழையில் நனைந்து கிடந்த தொட்டிக்கு மேலும் நீர் வார்த்தேன்; எருவும் இட்டேன். தை பிறந்தபின் மண்ணைக் கிளறினால், கிழங்குகள் கூழாகி நாறின. இஞ்சியும் கச்சோலமும் அவ்வாறே அழிந்தன. பேரரத்தை ஒன்றே பிழைத்தது. அன்னையார் கைப்பட வளர்ந்த வித்து என்னால் அற்றுப்போயிற்று என்று எண்ணியபோது, அன்று உணவு கொள்ள மனம் வரவில்லை.

அப்பொழுது என் பெயர்த்தி அடுக்களையிலிருந்து ஒரு விரல்மஞ்சளைக் கொண்டு வந்தாள். ஐப்பசியில் படம் வரைவதற்காகத் தொட்டியினின்று ஒடித்தெடுத்து, அடுப்பின் அருகே மாடத்தில் மறந்து வைத்திருந்தாளாம். அது சற்றே சுருங்கியிருந்தது; அழுகவில்லை.

குளிர் வருங்கால் இச்செடிகள் இலையை உலர்த்திவிட்டுக் கிழங்கினுள் ஒடுங்கி உறங்குகின்றன. உறங்கும் கிழங்கு நீரை வேண்டாது. வெம்மையான நிலத்தில் மிகுந்த ஈரம் விரைவில் வற்றும். குளிர்ந்த மண்ணிலோ தேங்கி நிற்கும். அவ்வீரத்தில் பூசணம் போன்ற நுண்ணுயிர்கள் பெருகிக் கிழங்கை அழிக்கும். இலை சாயத் தொடங்கியதும் அன்னையார் நீர் இறைப்பதை நிறுத்துவதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கிணற்றில் இறைக்கும் உழைப்பை மிச்சம் பிடிப்பதாகவே அன்று நினைத்தேன்!

இப்பொழுது ஐப்பசி பிறக்குமுன் தொட்டிகளை இறவாணத்தின் உட்புறம் நகர்த்திவிடுகிறோம். செம்மண்ணோடு மணலை மிகுதியாகக் கலக்கிறோம்; தொட்டியின் துளைமேல் ஓட்டுச்சில்லு வைக்கிறோம். இலை முற்றும் காய்ந்தபின் கிழங்கை எடுத்து, உலர்ந்த மணலில் புதைத்து, அடுக்களை மாடத்தில் வைத்துவிடுவோம். சித்திரையில் முளை தோன்றும். முளை மேல்நோக்குமாறு இருவிரல் ஆழத்தில் நட்டு, இலை விரியும்வரை சிறிதளவே நீர் தெளிப்போம். பேரரத்தைக்கு இம்முறை ஆகாது. அஃது உறங்கும் இயல்பினதன்று. அதனையும் ஒரு குளிர்காலத்தில் பட்டினியிட்டு வாட்டியவன் யான்.

அந்த ஒரு விரல்மஞ்சள் நான்கு தொட்டியாகப் பெருகிற்று. சென்ற பொங்கலன்று பானையில் கட்டுவதற்கு இலையோடு கூடிய கொத்து எங்களிடம் இல்லை. இம்மலையில் தைக்கு முன்பே இலை உலர்ந்துவிடுகிறது.

"இலை இல்லாத மஞ்சளைக் கட்டலாமா, தாத்தா?" என்றாள் பெயர்த்தி.

"கட்டம்மா" என்றேன். மணலிலிருந்து இரு கிழங்குகளை எடுத்துக் கழுவி, நூலில் கோத்துக் கட்டினாள். பொங்கல் இறக்கியதும் அவற்றை அவிழ்த்துத் துடைத்து, மீண்டும் மணலிலேயே புதைத்து வைத்தாள்.