அந்நியன் பாறையும் சூரியகாந்தியும்

குற்றாலத்தில் குளித்து, பார்டர் பரோட்டாவும் சாப்பிட்டாச்சா? அப்படியே சுந்தரபாண்டியபுரத்துக்கு வண்டியை விடுங்கள். தென்காசியிலிருந்து சுமார் 10 கி.மீ.தான். 1992-ல் ‘ரோஜா’ படத்தில் நாயகியின் கிராமமாக வந்த ஊர்.

ஊருக்கு அருகே இருக்கிறது ‘அந்நியன் பாறை’. 2005-ல் வெளியான ‘அந்நியன்’ பாடலுக்காக எம்.ஜி.ஆர்., ரஜினி முகங்களைப் பாறையிலேயே வரைந்தார்கள். செட் என்றால் பிரித்துவிடலாம்; பாறையை என்ன செய்வது? பெயின்ட்தான் வெளுக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் சீக்கிரம் போங்கள்.

சூரியகாந்தி சீசனில் கேரளக் கார்கள் வரிசைகட்டும். நன்கு விரிந்த பூக்கள் கிழக்கு பார்த்தே நிற்பதால், படமெடுக்கக் காலைதான் நல்லது. பின்னணியில் மலையும் விழும். ஆனால், வயலுக்குள் இறங்காதீர்கள்.

ஒடிந்த செடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர், “பூவ வளைக்காதீங்கம்மா, எண்ணெய்க்குப் போறதுல்லா” என்றார்.

வரப்பில் நின்றே எடுத்தோம்.