பங்குக் கிணறு

யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய்ப் பக்கத்துத் தோட்டக் காணி உறுதிகள் பலவற்றில், நிலத்தின் எல்லைகளைச் சொன்ன கையோடு இன்னோர் உரிமையும் எழுதியிருக்கும்: கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு. கிணறு ஒன்றுதான், இரண்டு மூன்று குடும்பங்களின் உறுதிகளில் அது இடம்பெறும். அணுக்கள் இலத்திரன்களைப் பொதுவில் வைத்துப் பிணையும் பங்கீட்டுவலுப் பிணைப்பை விளங்கிக்கொள்ள எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஐதரசன் அணுவிடம் ஒரே ஓர் இலத்திரன். இரண்டு இருந்தால்தான் அதன் ஓடு நிறையும். ஒட்சிசனின் வெளி ஓட்டில் ஆறு, எட்டு வேண்டும். ஆகவே ஒட்சிசன், இரண்டு ஐதரசன்களுடனும் ஆளுக்கொரு சோடி இலத்திரனைப் பொதுவில் வைக்கிறது. அந்தச் சோடி இரு தரப்புக் கணக்கிலும் முழுதாகவே சேரும். நீர் மூலக்கூறு உருவாகிவிடுகிறது. தோட்டத்தில் இறைப்புக்கு முறை உண்டு: இன்று ஒருவர், நாளை மற்றவர். இலத்திரன்களுக்கு முறை கிடையாது. அவை ஒரே வேளையில் இருவருக்கும் உரியவை. இரு கருக்களும் அவற்றை இழுக்கின்றன. அந்த இழுவைதான் அணுக்களைப் பிரியவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

பக்கத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தந்த ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875இல் அச்சானது. அப்போது இலத்திரனையே யாரும் அறியார்; அது 1897இல்தான் தெரியவந்தது. அணுக்கள் இலத்திரன் சோடியைப் பகிர்ந்து பிணைகின்றன என்று கில்பேட் லூயிஸ் 1916இல் எழுதினார்.

நீரில் இந்தப் பங்கு சரிபாதி அல்ல. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுக்கும். அதனால் அதன் பக்கம் சிறு மறையேற்றம், ஐதரசன் பக்கம் சிறு நேரேற்றம். ஏற்றமுள்ள துணிக்கைகளை நீர் சூழ்ந்து கரைத்துக்கொள்வது இதனாலேயே. மண்ணில் காபனீரொட்சைட்டை ஏற்ற மழைநீர் நமது சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது; கேத்திலின் அடியில் படியும் வெள்ளை அதுதான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவு மீறி இட்ட உரத்தின் நைத்திரேற்றையும் அதே நீர் கிணற்றுக்குக் கொண்டுபோகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. இப்பகுதி அடங்கிய வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து.

உறுதியில் பங்கு எழுதாதவர்களும் இந்த நிலத்தடி நீரில் பங்காளிகளே. என் பாத்தியில் நான் கொட்டுவது அயலாரின் குடத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே உரத்தை அளந்து இடுவது அயலாருக்கு நாம் பட்டிருக்கும் கடன்.